நான் தொப்பை வைத்த பாலஸ்தீனக்காரி

ஒஸ்லோவில் வந்திறங்கிய மறுநாள் காலையில் நான் வெறும் டிராயிங் டீச்சர். அன்றைய விருந்து முடிவதற்குள் இந்தியாவின் பெரிய சிற்பி ஆகிவிட்டேன். இந்தப் பதவி உயர்வைக் கொடுத்தவள் என் தம்பி மனைவி தர்சினி.

மதுரையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூசணிக்காயும் பூச்சாடியும் வரையக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. கோடை விடுமுறை விட்டதும், “அக்கா, இங்க சம்மர்லயே ஸ்வெட்டர் போட்டுக்கலாம், கெளம்பி வா” என்று தம்பி முரளி கூப்பிட்டான். அக்கினி நட்சத்திரத்தில் ஸ்வெட்டர் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது. கிளம்பிவிட்டேன்.

முரளி கம்ப்யூட்டர்காரன். தர்சினி யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே அப்பா அம்மாவோடு இங்கே ஓடி வந்து, இந்தப் பனியிலேயே வளர்ந்தவள். புருசெத் என்கிற பேட்டையில் இருக்கும் நூலகத்தில் வேலை. அதே பேட்டையில்தான் அவர்களுடைய அடுக்குமாடி வீடும். படி ஏறும்போது ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வாசனை வரும். கீழே ஏலக்காய், அதற்கு மேலே மீன், அதற்கும் மேலே யாரோ நாயைக் குளிப்பாட்டிய வாசனை. எங்கள் மாடியில் பாதி தர்சினியின் கறித்தூள், மீதி எதிர்வீட்டு நவாலின் சமையல்.

தர்சினி என்னை “மச்சாள்” என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கம் புருஷனுடைய அக்காவை அப்படிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்போம். இரண்டு நாளில் பழகிவிட்டது. பிறகு அவள் கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொண்டாளோ என்று எனக்குக் கவலை வர ஆரம்பித்தது.

நவால் பாலஸ்தீனக்காரி. என்னைவிட ஒரு பத்து வயது மூத்தவள், வாசற்படியில் தலை தட்டுகிற உயரம். ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை. கிராமத்தில் பிறந்தவள், ஆனால் அந்தக் கிராமத்தைப் பார்த்த ஞாபகமே இல்லாதவள். கைக்குழந்தையாக எல்லை தாண்டி, லெபனானில் ஒரு அகதி முகாமில் வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். புருஷன் காலமாகிவிட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில். இத்தனையையும் எனக்குச் சொன்னது தர்சினி. நவால் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் இதில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது.

வந்த மறுநாளே எங்களை விருந்துக்கு அழைத்தாள். மக்லூபா என்று ஒரு சோறு. கோழி, கத்தரிக்காய், அரிசி எல்லாவற்றையும் பெரிய பானையில் அடுக்கி வேகவைத்து, பானையை அப்படியே மேசைக்குக் கொண்டுவந்தாள். வாய்மேல் ஒரு தாம்பாளத்தை வைத்து மூடினாள். இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து ஒரே திருப்பு. பானை தலைகீழாக நின்றது. எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டோம். பானையின் அடியில் முட்டியால் டொக் டொக்கென்று தட்டினாள். பிறகு மெதுவாகத் தூக்கினாள். சோறு ஒரு கோட்டைபோல நின்றது, உச்சியில் கத்தரிக்காய். கைதட்டினோம். எங்கள் வீட்டில் சோற்றுப் பானை கவிழ்ந்தால் என் அம்மா போடும் கூச்சல் தெரு முனை வரை கேட்கும். இங்கே கவிழ்த்ததற்குக் கைதட்டு.

சாப்பிடும்போது நூலகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. கோடைக்கு ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். பேட்டையில் இருக்கிறவர்கள் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும். தர்சினி தன் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து தூக்கி வந்த இடியப்ப உரலை வைக்கப்போவதாகச் சொன்னாள்.

“எங்கள் வீட்டில் அப்படி ஒன்றுமே மிஞ்சவில்லை” என்றாள் நவால். அவள் பேசியது நார்வே மொழி. எனக்கு வந்தது தர்சினி வழியாக. “அம்மா எல்லை தாண்டும்போது தையல் மிஷின் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள். முகாமில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் தைத்துத்தான் எங்களை வளர்த்தாள். பிறகு முகாம் எரிந்தபோது மிஷினும் போய்விட்டது, பெட்டியும் போய்விட்டது. இருப்பது ஒரு போட்டோ.”

போட்டோவைக் கொண்டுவந்தாள். கல்யாணத்துக்கு முன் எடுத்ததாம். மார்பு முழுக்கப் பூத்தையல் போட்ட நீண்ட அங்கி, ஒல்லியான ஒரு பெண், போட்டோக்காரனை முறைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் தர்சினி வாயைத் திறந்தாள். நார்வே மொழியில் ஏதோ சொன்னாள். நவால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னடி சொன்ன?” என்றேன்.

“மச்சாள் இந்தியாவில பெரிய பெரிய மண் சிலை செய்யிறவா எண்டு சொன்னனான். பொய்யே? வருசா வருசம் பிள்ளையார் செய்யிறனீங்கள்தானே.”

பொய்யில்லை. விநாயகர் சதுர்த்திக்கு எங்கள் தெருப் பிள்ளையாரை நான்தான் செய்வேன். ஒரு தடவை ஆள் உயரத்துக்குச் செய்து மாட்டுவண்டியில் ஏற்றியிருக்கிறோம். மறுக்கலாம் என்று வாயெடுத்தேன், ஆனால் அதற்குள் எனக்கு இரண்டாவது கோழித்தொடை வந்துவிட்டது.

நவால் திரும்பவும் பேசினாள், இந்தத் தடவை சிரிக்காமல். அம்மா இன்னும் அந்த முகாமில்தான் இருக்கிறாள். இங்கே வர விசா கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது. கண்காட்சி திறக்கிற அன்று அவளைக் கம்ப்யூட்டர் கேமரா முன்னால் உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். “எங்களுக்கென்று இருந்தது எதுவும் ஓரிடத்தில் நிற்கவில்லை. அம்மா பெட்டியைச் சுமந்தது ஒன்றாவது உடையாமல் ஓரிடத்தில் நிற்கட்டும். அவள் கண்ணால் பார்க்கட்டும். செய்து தருவாயா?”

தர்சினி மாதிரியே ஓம் என்று சொல்லிவிட்டேன். ஆமாம் என்பதுகூட மறந்துபோயிருந்தது.

கீழ்த்தளத்தில் சைக்கிள்கள் நிறுத்துகிற அறை எங்கள் பட்டறை. மண் கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில் வந்தது, வெண்ணெய்க் கட்டிபோல. கல்லில்லை, வேரில்லை, நத்தை ஓடில்லை. எங்கள் கண்மாய் மண்ணைப் பிசைந்தால் பாதி நேரம் பொறுக்குவதிலேயே போகும். இந்த மண்ணைத் தொட்டதும் எனக்கு ஒரே குஷி. ஒரு வயதுக் குழந்தை உயரத்துக்கு என்று தீர்மானித்து, உருண்டைமேல் உருண்டையாக வைத்து அப்பினேன். இரண்டு நாளில் இடுப்பு வந்துவிட்டது. மூன்றாம் நாள் தொப்பையும் வந்துவிட்டது.

“அம்மா ஒல்லி” என்றாள் நவால், போட்டோவைத் தட்டிக் காட்டி. இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வழித்து எடுத்தேன். மறுநாள் தோளைச் சரிசெய்கிற சாக்கில் கை கீழே இறங்கியது, தொப்பை திரும்ப வந்தது. மறுபடி வழித்தேன். மறுபடி வந்தது. வருஷக்கணக்காக ஒரே சாமியைச் செய்த கைக்கு வேறு வயிறு தெரியவில்லை. மூக்கு நீண்டுவிடாமல் பார்த்துக்கொண்டதே பெரிய விஷயம். கடைசியில் நவால் கையை விரித்துவிட்டு, சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அங்கி தொளதொளப்பானது, காற்றில் உப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டோம்.

பெட்டி சுலபமாக வந்தது. கையால் சுற்றுகிற மிஷினுக்கு, கூண்டுவண்டிக் கூரைபோல வளைந்த மரமூடி இருக்குமே, அதுதான். என் அம்மாவிடமும் ஒன்று இருந்தது. செய்து, தலையில் வைக்கப் போனபோது கை நின்றுவிட்டது. சும்மாடு இல்லாமல் எந்தப் பெண் சுமை தூக்குவாள்? துணியைச் சுருட்டிய வளையம் ஒன்றை மண்ணில் செய்து தலைமேல் வைத்தேன். நவால் பார்த்துவிட்டு என் முதுகில் ஒரு அறை அறைந்தாள். அவர்கள் ஊரிலும் அப்படித்தானாம். ஆனால் ஒரு சங்கடம். அடி தட்டையான பெட்டி அந்த வட்டமான சும்மாட்டில் சரியாக உட்காராமல் ஆடிக்கொண்டே இருந்தது. காகிதம் மடித்து முட்டுக்கொடுத்தேன்.

பூத்தையல்தான் உயிரை வாங்கியது. அதெல்லாம் பெருக்கல் குறி மாதிரி குட்டிக் குட்டித் தையல். ஆயிரம் பெருக்கல் சேர்ந்தால் ஒரு சைப்ரஸ் மரம், ஒரு நட்சத்திரம். தையலைப் பார்த்தே இவள் எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடுவார்களாம். எங்கள் பக்கம் தாலியைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. ஊசியால் கீறிப் பார்த்தேன், எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

வழி கிடைத்தது காலைச் சாப்பாட்டில். தர்சினி மா வைத்து உரலை அமுக்குகிறாள், நூல் நூலாக இடியப்பம் இறங்குகிறது. நான் அதைச் சாப்பிடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் வேலைக்குப் போனதும் உரலைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். மண்ணைத் தண்ணீர்விட்டு இளக்கி உள்ளே வைத்து அமுக்கினால், அச்சு அசல் நூல். நவால் வேலை முடிந்து வந்து பார்த்தாள். புருவம் பிடுங்குகிற சிமிட்டாவைக் கொண்டுவந்து ஒவ்வொரு நூலாக எடுத்து, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள். மார்பில் சைப்ரஸ் மரங்கள் எழும்பின. மூன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் பொதுவான மொழி ஒன்றுமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தோம்.

சனிக்கிழமை தர்சினியின் அப்பா அம்மா பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கிலிருந்து சாப்பிட வந்தார்கள். சமையலறையிலிருந்து ஒரு சத்தம்.

“மச்சாள், உரலுக்குள்ள என்ன?”

“மண்ணும்மா. சுத்தமான மண்ணுதான்” என்றேன்.

“இது கண்காட்சிக்கு வைக்கப்போற சாமான். அதோட இண்டைக்கு அப்பாக்கு இடியப்பமும் சொதியும் எண்டு சொல்லிப்போட்டன்.”

முரளி வேலை இருப்பதுபோலக் கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்துவிட்டான். தர்சினியின் அப்பாதான் என்னைக் காப்பாற்றினார். “விடு பிள்ளை, புட்டை அவி. நாங்கள் ஓடி வரேக்க கொம்மா உரலைத்தான் தூக்கினவ. மாவை எடுக்க மறந்துபோனா. வெறும் உரலை வச்சுக்கொண்டு ஒரு மாசம் கடைப் பாணைத் திண்டனாங்கள்.” அவர் மனைவி, “அந்த நேரத்தில கைக்கு எது ஆப்பிட்டுதோ அதுதானே” என்றார், கோபிக்காமல். புட்டு நன்றாகவே இருந்தது.

சிலையைச் சுட வேண்டும். சூளை இருந்த இடம் ஊரின் மறுகோடியில், மோர்டென்ஸ்ருட்டில், ஒரு பொழுதுபோக்குப் பட்டறையில். முரளியின் கார் புதுசு. “அக்கா, சீட்ல மண்ணு பட்டா போகாதுக்கா” என்றான். தம்பி என்பதால் அதற்குமேல் திட்டவில்லை. கீழ்வீட்டு சோமாலியப் பெண்ணிடம் குழந்தையை வைத்துத் தள்ளுகிற வண்டியை இரவல் வாங்கினோம். பாதி காய்ந்த சிலையைப் படுக்கவைத்து, போர்வை போர்த்தி, பெட்டியைக் கால்மாட்டில் வைத்து நவால் தள்ள, நானும் தர்சினியும் இருபுறமும் காவலாக நடந்தோம்.

இந்த ஊர் ரயிலில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். மதுரையில் இரண்டு நிறுத்தத்துக்குள் பக்கத்து சீட்காரருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துவிடும். இங்கே மூச்சுவிடுகிற சத்தம்கூட வெளியில் கேட்காது. ஆனால் குழந்தை வண்டி என்றால் எல்லாரும் எழுந்து வழிவிடுகிறார்கள். வழியில் ரயில் மாறியபோது ஒரு நார்வே மூதாட்டி எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஆசை தாங்காமல் எட்டிக் குனிந்து போர்வையை ஒரு விரலால் விலக்கினார். உள்ளே கண்ணைத் திறந்துகொண்டு ஒரு மண் முகம்.

அவர் அலறவில்லை. மண் முகத்தைப் பார்த்தார், நவால் முகத்தைப் பார்த்தார், ஏதோ மரியாதையாகச் சொல்லிவிட்டு நேராக உட்கார்ந்துகொண்டார். நவாலும் தர்சினியும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து குலுங்கினார்கள். எனக்குச் செய்தி வந்து சேர்ந்தது அடுத்த நிறுத்தத்தில்தான்: “உங்களைப் போலவே இருக்கிறாள்” என்றாராம். நான் தனியாகச் சிரித்தேன். ரயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஊரில் இருந்தவரை எல்லாச் சிரிப்புக்கும் நான் கடைசி ஆள்.

பட்டறைக்காரி ஆஸ்த்ரித், மண் அப்பிய மேலங்கியோடு வாசலில் நின்றாள். வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பூத்தையலைப் பார்த்து இரண்டு தரம் விசில் அடித்தாள். பிறகு சிலையின் வயிற்றில் விரல்முட்டியால் தட்டினாள். அவள் முகம் மாறியது.

“உள்ளே என்ன இருக்கிறது?” என்று கேட்டாள். தர்சினி மொழிபெயர்த்தாள்.

“மண்” என்றேன்.

“அந்த மண்ணுக்கு உள்ளே?”

“மண்.”

ஆஸ்த்ரித் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இவ்வளவு கனமான மண் உள்வரை காயாது, சூளைச் சூட்டில் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெடிக்கும், சிலை மட்டுமல்ல, சூளையில் இருக்கிற மற்றவர்களின் கோப்பைகளும் தூளாகும் என்று பொறுமையாக விளக்கினாள். சுடுகிற சிலை உள்ளே வெறும் கூடாக இருக்க வேண்டும். “இத்தனை வருஷம் நீங்கள் செய்ததை எல்லாம் எப்படிச் சுட்டீர்கள்?”

“சுட்டதே இல்லை” என்றேன். “மூன்றாம் நாள் மேளம் அடித்துக்கொண்டு போய்த் தண்ணீரில் கரைத்துவிடுவோம்.”

“செய்து, அலங்கரித்து, கும்பிட்டு, தண்ணீரில் போடுவீர்களா?”

“ஆமாம்.”

“எல்லாவற்றையுமா?”

அந்த நிமிஷம்தான் எனக்கே உறைத்தது. இத்தனை வருஷத்தில் மூன்று நாளைக்கு மேல் நிற்கும்படி நான் ஒன்றையும் செய்ததில்லை. நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் நவால் கேட்டது.

பதற்றத்தில் மனிதர்களுக்கு வாய் நீளும். எனக்கும் நீண்டது. சுடவே வேண்டாம், அப்படியே காயவைத்து வர்ணம் அடித்துக் கண்காட்சியில் வைப்போம், முடிந்ததும் இந்த ஊர்க் கடலில் மரியாதையாகக் கரைப்போம், பாட்டுகூட நான் பாடுகிறேன் என்றேன். தர்சினி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மொழிபெயர்த்தாள்.

நவாலின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அதுவரை அந்த முகத்தைச் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது ஒரே ஒரு தடவை.

“தன்ர அம்மாவையோ தண்ணியில போடச் சொல்லுறா எண்டு கேக்கிறா, மச்சாள்” என்றாள் தர்சினி, மெதுவாக. “அவவின்ர வீடு, ஊர், மிஷின் எல்லாம் கரைஞ்சுதானே போச்சுது, இதையும் கரைக்கச் சொல்லுறாவோ எண்டு கேக்கிறா.”

நவால் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கரைப்பது எங்களுக்குக் கொண்டாட்டம்; அடுத்த வருஷம் வருவார் என்று தெரிந்துதான் கரைக்கிறோம். அடுத்த வருஷம் திரும்பக் கிடைக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

ஆஸ்த்ரித் என் கையில் மெல்லிய கம்பி ஒன்றைக் கொடுத்தாள். இரண்டு முனையிலும் மரப்பிடி. அறுத்து, உள்ளே குடைந்து, மண்குழம்பு தடவித் திரும்ப ஒட்டலாம். மண் இன்னும் பதமாக இருக்கிறது, நாளைக்கு இருக்காது. நான் கம்பியை வைத்துக்கொண்டு நின்றேன். நவாலைக் கேட்காமல் அவள் அம்மாவை அறுக்க எனக்குக் கை வரவில்லை. வெளியே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கம்பியைக் காட்டினேன், என் வயிற்றில் அறுப்பதுபோலக் காட்டினேன், கரண்டியால் அள்ளுவதுபோலக் காட்டினேன். அவள் கம்பியை வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். பிறகு எழுந்தாள். உள்ளே வந்து கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆஸ்த்ரித்திடம் ஏதோ கேட்டாள்.

“பெரிய கரண்டி இருக்கோ எண்டு கேக்கிறா” என்றாள் தர்சினி.

நான் அறுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அறுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். இடுப்பில் ஒரு வெட்டு, கழுத்தில் ஒரு வெட்டு. நாலு பேரும் ஆளுக்கொரு துண்டை மடியில் வைத்துக்கொண்டு பூசணிக்காய் குடைவதுபோலக் குடைந்தோம். தொப்பை எனக்கு வந்தது, நியாயம்தான். அள்ள அள்ள மண் வந்துகொண்டே இருந்தது. “மச்சாள், இவ இவ்வளவு சோத்தையும் எப்ப திண்டவா?” என்றாள் தர்சினி. நவாலுக்கு அதை அவளே மொழிபெயர்த்தாள். நவாலின் தோள் முதலில் ஆடியது, பிறகு சத்தம் வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பெட்டியை நவால் யாரிடமும் கொடுக்கவில்லை. அதைக் கவிழ்த்து வைத்து, அடியிலிருந்து சோற்றுக் கரண்டியால் குடைந்து, வளைந்த மூடியை மெல்லிய ஓடாக ஆக்கினாள். உள்ளே கரண்டித் தடம் வரிவரியாக இருந்தது. வழித்து வழவழப்பாக்கித் தரட்டுமா என்று ஆஸ்த்ரித் கேட்டாள். உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்றாள் நவால். பெட்டியோடு சேர்த்து நிற்கவைத்தால் சூளையின் உயரம் போதவில்லை. அதனால் பெட்டியைத் தனியாகச் சுட்டு, பிறகு தலையில் தூக்கிவைத்துக்கொள்வது என்று முடிவானது.

காய வேண்டும் என்று ஆஸ்த்ரித் எங்களைத் துரத்திவிட்டாள். அந்த வாரங்களில் எனக்கு ஊர் சுற்றிக் காட்டினார்கள். கப்பல் பார்த்தேன், மலை பார்த்தேன், பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டி சாப்பிட்டேன். பால்கோவாவில் யாரோ தவறுதலாக உப்பைக் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. இரண்டாவது துண்டும் சாப்பிட்டேன். மனசு மட்டும் மோர்டென்ஸ்ருட்டில் கிடந்தது. தொலைபேசி அடித்தால் நவாலும் நானும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம்.

ஒரு நாள் ஆஸ்த்ரித் தன் காரிலேயே கொண்டுவந்து இறக்கினாள். முழுசாக வந்திருந்தது. அங்கியின் ஓரத்தில் ஒரு சின்ன விரிசல். சாம்பல் நிறம் போய்ச் செங்கல் நிறம் ஏறியிருந்தது. சைப்ரஸ் மரம் ஒன்றுகூட உதிரவில்லை. நவால் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாள், என்னைத் தொடவிடவில்லை.

கண்காட்சி திறந்த சாயங்காலம் நூலகம் நிரம்பி வழிந்தது. ஒருவர் பால் கறக்கிற மரக்குவளை, இன்னொருவர் தேநீர்ச் செம்பு, வடக்கிலிருந்து வந்த ஒரு நார்வேக் கிழவர் தன் அப்பாவின் மீன்கத்தி. தர்சினியின் இடியப்ப உரலும் இருந்தது; ஒரு துளையில் இன்னும் மண் அடைத்திருந்தது, நானும் அவளும் மட்டும் கண்டுகொண்டோம். நடு மேசையில் எங்கள் பெண். அவள் தலைப் பெட்டிக்குக் கீழே நான் மடித்து வைத்த காகிதம்.

கம்ப்யூட்டர் திரையில் முகாமிலிருக்கும் இன்டர்நெட் கடை வந்தது, கலங்கிக் கலங்கி. நவாலின் தங்கை ஒருத்தி, அவளுக்குப் பக்கத்தில் வெள்ளை முக்காடு போட்ட அம்மா. போட்டோவில் முறைத்த அதே முறைப்பு. அம்மா அரபியில் பேச, நவால் நார்வே மொழியில் சொல்ல, தர்சினி என் காதில் தமிழில் சொல்ல வேண்டும். கேமராவைச் சிலை பக்கம் திருப்பினார்கள்.

அம்மா ஏதோ கேட்டாள். நவால் சிரித்தாள். கூட்டம் சிரித்தது. பிறகு என் முறை.

“ஆர் இந்தத் தடிச்சி எண்டு கேக்கிறா, மச்சாள். தான் அப்ப மெலிவாம்.”

என்னைக் கேமரா முன்னால் தள்ளினார்கள். வயிற்றைச் செய்த இந்தியக்காரி இவள்தான் என்று அறிமுகம். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்தியாவில் எல்லாரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்றாள். கை கூப்பினேன். பூத்தையலைக் கிட்டே காட்டச் சொன்னாள். காட்டினோம். அவள் விரல் அந்தப் பக்கம் திரையைத் தடவியது தெரிந்தது. கேமரா மேலே போனது, பெட்டிக்கு.

அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். நவால் தலையை ஆட்டி மறுத்தாள். அம்மா திரும்பவும் சொன்னாள், கையைத் திருப்பிக் காட்டி.

“பெட்டி பிழையா இருக்காம்” என்றாள் தர்சினி. “தலைகீழா இருக்குதாம். மிஷினுக்கு மேல மூடி இப்பிடித்தானே அம்மா இருக்கும் எண்டு நவால் சொல்லுறா.”

அம்மா பேசினாள். இந்தத் தடவை நிறைய பேசினாள். நவால் மொழிபெயர்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அறையில் இருந்த அரபி தெரிந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நூலகத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நவால் ஏதோ கேட்டாள், சின்னக் குரலில். அம்மா ஒரே வரியில் பதில் சொன்னாள். அப்புறம்தான் நவால் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, திக்கித் திக்கிச் சொன்னாள். தர்சினி கேட்டாள். கேட்டதும் எனக்குத் தமிழில் சொல்வதை மறந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து உலுக்கினேன்.

“மிஷினை அவ கொண்டு வரேல்லயாம், மச்சாள். அது ஊரில பாயிலேயே கிடந்ததாம். ஓடுற நேரத்தில ஆர் இரும்பைச் சுமக்கிறது எண்டு கேக்கிறா. முகாமில தைச்சது பிறகு வாங்கின மிஷினாம். அண்டைக்கு மூடியை மட்டும்தான் எடுத்தவவாம்.” தர்சினி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “வெறும் மூடி ஏன் எண்டு நவால் கேட்டவ. நீ அதுக்குள்ளதானே கிடந்தனி, இப்பிடிக் கவிழ்த்து வச்சிருந்தா நீ விழுந்திருப்பாயே எண்டு சொல்லுறா.”

இது எல்லாருக்கும் தெரியும் என்றே அம்மா இத்தனை காலம் நினைத்திருந்தாளாம்.

நவால் நாற்காலியை விட்டு எழுந்தாள். சிலைக்குப் பக்கத்தில் போனாள். பெட்டியின்மேல் விரல்முட்டியால் டொக் டொக்கென்று தட்டினாள், பழக்கம்தான். இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். காகிதம் கீழே விழுந்தது. பெட்டியைத் திருப்பி, வளைந்த பக்கம் கீழே வரும்படி சும்மாட்டில் வைத்தாள். கையை எடுக்கப் பயந்து கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு எடுத்தாள். பெட்டி ஆடவில்லை. வளைவும் வளையமும் ஒன்றுக்குள் ஒன்று அழகாக உட்கார்ந்துகொண்டன.

உயரமானவள் அல்லவா, நின்ற இடத்திலிருந்தே அவளுக்கு உள்ளே தெரிந்தது. தன் கரண்டித் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தேன். அந்த மண் பெண்ணுக்குப் பிறந்த குழந்தை ஒன்று காலை மடக்கிக்கொண்டு தூங்கலாம்.

திரையில் அம்மா திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு முறைப்பு திரும்பி வந்தது. என் பக்கம் விரலை நீட்டி ஏதோ சொன்னாள். நவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள். முதலில் இரண்டு அரபிக்காரர்கள் சிரித்தார்கள், பிறகு நூலகமே சிரித்தது. வழக்கம்போல நான் காத்திருந்தேன்.

“இப்ப எல்லாம் சரியாம், வயித்தை மட்டும் கொஞ்சம் குறைக்கட்டாம் எண்டு அம்மா சொல்லுறா” என்றாள் தர்சினி. “வேண்டாம் எண்டு நவால் சொல்லுறா, மச்சாள். அது அப்பிடியே இருக்கட்டாம். அம்மா ஓடேக்க தன்னைப் பெத்து ஏழு நாள்தானாம்.”